பெங்களூரில் கர்நாடகத்தைச் சாப்பிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார்கள்: "சாம்பார் இனிக்குதுங்க." நானும் சொன்னேன். அதற்குப் பிறகு தமிழ் மெஸ், ஆந்திரா மீல்ஸ், பிரியாணிக் கடை என்று மூன்று இடங்களுக்குள்ளேயே பல வருஷம் ஓடிவிடும். கர்நாடகத்தில் இருந்துகொண்டே கர்நாடகத்துச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி.

சாம்பார் இனிப்பதற்குக் காரணம் சமையல் தெரியாதது இல்லை. உடுப்பி வழிச் சமையலில் புளிப்புக்கும் காரத்துக்கும் ஈடாக வெல்லம் போடுவது முறை. மிளகாயும் பெரும்பாலும் ஹாவேரி பக்கத்து பியாடகி மிளகாய். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் குறைவு. நம் வீட்டு சாம்பாரைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அதை வேறொரு குழம்பாக நினைத்து வாயில் வையுங்கள், பத்தாவது நாளில் பழகிவிடும்.

முதல் படி: தானியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கர்நாடகச் சாப்பாடு என்று ஒரே சாப்பாடு கிடையாது. மூன்று தானியங்கள் அந்த மாநிலத்தைப் பங்கு போட்டிருக்கின்றன. பெங்களூர், கோலார், துமகூரு, மண்டியா, மைசூர், ஹாசன் என்று தெற்குப் பக்கம் முழுக்க கேழ்வரகு. தார்வாட், பெளகாவி, பாகல்கோட், விஜயபுரா, கலபுரகி என்று வடக்கே போனால் வெள்ளைச் சோளம். மேற்கே மலையேறி இறங்கினால், அதாவது குடகு, மங்களூர், உடுப்பி, கார்வார் எல்லாம் அரிசி.

இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பெங்களூரில் எந்தக் கடைக்குள் எதற்காக நுழைய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கேழ்வரகுக்கு மிலிட்டரி ஓட்டல், அதாவது அசைவக் கடை. சோளத்துக்கு கானாவளி என்னும் வட கர்நாடகச் சாப்பாட்டுக் கடை. கடலோர அரிசிக்கு மீன் கடைகள். காலை இட்லி, தோசைக்கு நின்று சாப்பிடும் தர்ஷினியும் பழைய டிபன் அறைகளும். ஒரு கடையில் போய் இன்னொரு கடையின் பண்டத்தைக் கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. பல பக்க மெனு வைத்திருக்கும் 'மல்டி குசின்' ஓட்டலில் ஜோள ரொட்டி கேட்டால், பகலில் சுட்டு அடுக்கி வைத்ததைத்தான் இரவு சூடுபண்ணித் தருவார்கள்.

இரண்டாம் படி: நேரத்தைக் கவனியுங்கள்

கன்னடத்தில் 'திண்டி' என்றால் டிபன், 'ஊட்டா' என்றால் சாப்பாடு. இரண்டுக்கும் நேரம் வேறு. திண்டி காலை ஏழிலிருந்து பத்தரை வரைக்கும் உயிரோடு இருக்கும், மறுபடி மாலை நாலு மணிக்குப் பிறகு வரும். ஊட்டா பன்னிரண்டரைக்குத் தொடங்கும். மிலிட்டரி ஓட்டலில் சமைத்தது தீர்ந்தால் அவ்வளவுதான், இரண்டாம் அண்டா ஏறாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு மிலிட்டரி ஓட்டலுக்குப் போய், கழுவிக் கவிழ்த்த அண்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பன்னிரண்டரைக்கு உள்ளே இருந்துவிடுங்கள்.

விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கடைகள் வாரத்தில் ஒரு நாள் கண்டிப்பாக மூடும். லால்பாக் சாலை எம்.டி.ஆர். திங்கட்கிழமை, காந்தி பஜார் வித்யார்த்தி பவன் வெள்ளிக்கிழமை, சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பார் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கிளம்புவதற்கு முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: தர்ஷினியில் நின்று சாப்பிடப் பழகுங்கள்

பெங்களூரின் தனி அடையாளம் தர்ஷினி. 1983-இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி என்ற கடையோடு இந்த முறை பரவத் தொடங்கியது. நாற்காலி கிடையாது, பரிமாறுபவர் கிடையாது. முதலில் கல்லாவில் பணம் கட்டி பில் வாங்க வேண்டும். பில்லை எடுத்துக்கொண்டு சமையல் பக்கத்து மேடையில் நீட்ட வேண்டும். தட்டு வந்ததும் உயரமான மேசையில் வைத்து நின்றபடியே சாப்பிட வேண்டும். காபிக்கு வேறு மேடை, அந்த பில்லைத் தனியாகக் கையில் வைத்திருங்கள். நூறு ரூபாயில் ஒருவருக்கு வயிறு நிறையும். பக்கத்து மேசையில் ஆட்டோ ஓட்டுநரும் ஐ.டி. கம்பெனி மேலாளரும் ஒரே வடையைத்தான் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்ன வாங்குவது? காரா பாத் என்றால் காய் போட்ட ரவை உப்புமா. ஆனால் அதில் வாங்கி பாத் பொடி சேரும், அதனால் நம் உப்புமாவின் சாயல் கொஞ்சமும் இருக்காது. கேசரி பாத் நம் கேசரிதான். இரண்டையும் ஒரே தட்டில் ஆளுக்கொரு குவியலாக வைத்தால் சௌ சௌ பாத். முதல் முறை போகிறவர்கள் இதையே வாங்குங்கள். கரண்டி நுனியில் காரமும் இனிப்பும் மாறி மாறி வரும்போது, இந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு ஏன் உணவின் பாதியாக இருக்கிறது என்பது புரியும். செட் தோசை மூன்று தோசையாக வரும், மெத்தென்று இருக்கும். தொட்டுக்கொள்ள சாகு தருவார்கள், அது தேங்காய் அரைத்த காய்க் குருமா மாதிரி. பிசி பேளே பாத் நமக்குத் தெரிந்ததுதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்மூர்க் கல்யாணப் பந்தியில் வருவது சாம்பார் சாதத்துக்கு நெருக்கமானது. இங்கே அதில் மராட்டி மொக்கும் பட்டையும் வறுத்து அரைத்த பொடி போடுகிறார்கள், மேலே காராபூந்தி தூவுகிறார்கள்.

காபி கேட்கும்போது 'பை டூ' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். சூப்புக்கும் 'பை டூ' உண்டு. ஒரே காலையில் மூன்று கடை ஏற நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

நான்காம் படி: தோசைக்கென்று ஒரு காலையை ஒதுக்குங்கள்

பெங்களூர் மசால் தோசை நம்முடையது போல மெல்லிய காகிதச் சுருள் இல்லை. வெளியே செம்பழுப்பாக முறுகி, உள்ளே பஞ்சாக, கனமாக இருக்கும். உள்பக்கம் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி தடவி, அதன் மேல் உருளைக்கிழங்கு பல்யா வைத்து மடிப்பார்கள். பல்யா என்றால் பொரியல்.

இதில் மூன்று கடைகள், மூன்று ஸ்டைல். பசவனகுடி காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், 1943-இல் தொடங்கியது, மாணவர்களுக்காகத் தொடங்கியதால் அந்தப் பெயர். பரிமாறுபவர் முழங்கையிலிருந்து விரல் வரை பத்துப் பன்னிரண்டு தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நடந்து வருவதைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர்., இப்போது ஸ்ரீ சாகர் என்று பெயர், அங்கே பென்னே மசால் தோசை. பென்னே என்றால் வெண்ணெய். மூன்றாவது தாவணகெரே பென்னே தோசைக் கடைகள், நகரம் முழுக்க இருக்கின்றன. இதில் கிழங்கை உள்ளே வைத்து மடிக்க மாட்டார்கள், ஓரமாக வைப்பார்கள். கூட வருவது தேங்காய்ச் சட்னி மட்டும். சாம்பார் கேட்டால் சிரித்துவிட்டு இல்லை என்பார்கள். கேட்காதீர்கள், அந்தத் தோசைக்கு சாம்பார் தேவையே இல்லை.

எம்.டி.ஆர். தனிக்கதை. உடுப்பி பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி தட்டுப்பாட்டில் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்து, அதுவே ரவா இட்லி ஆனது என்பது அந்தக் கடையார் சொல்லும் வரலாறு. அங்கே போனால் தோசையைவிட ரவா இட்லிக்கு முன்னுரிமை கொடுங்கள். முந்திரியும் கொத்தமல்லியும் தெரியும், உருளைக்கிழங்கு சாகும் நெய்யும் கூட வரும். நெய்யை உடனே ஊற்றிவிடுங்கள், ஆறினால் ரவை இறுகும்.

சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாரில் இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. 1965 முதல் இவ்வளவுதான். அங்கேயும் சாம்பார் கிடையாது, சட்னி மட்டுமே. தட்டை நீட்டினால் மறுபடி மறுபடி ஊற்றுவார்கள். ஒரு இட்லி அந்தச் சட்னியில் மூழ்கிக் கிடப்பதைத் தெருவோரத்தில் நின்று சாப்பிடுவது எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த காலை.

ஐந்தாம் படி: மிலிட்டரி ஓட்டலில் முத்தே

'மிலிட்டரி ஓட்டல்' என்று பலகை இருந்தால் அசைவம் என்று பொருள். நம் ஊர்களிலும் அந்தக் காலத்தில் இப்படிப் பலகைகள் உண்டு. இங்கே அந்தப் பெயர் இன்னும் அப்படியே வாழ்கிறது.

முக்கியமான விஷயம் ராகி முத்தே. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் களிதான். மற்றவர்களுக்குச் சாப்பிடும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் முதல் உருண்டையோடு கைவிட்டுவிடுகிறார்கள். கைப்பிடியளவு உருண்டை, பளபளவென்று, ஆவி பறக்க வரும். முதலில் விரல் நுனியைச் சாற்றில், அதாவது கூட வரும் குழம்பில், நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும், சுடும். நெல்லிக்காய் அளவு கிள்ளி, கட்டைவிரலால் லேசாக ஒரு குழி அழுத்தி, சாற்றில் முக்கி எடுத்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், சுவையும் தெரியாது. விழுங்கும்போது சாறு தொண்டையில் இறங்கும், சுவை பின்னால் வரும். மூன்றாவது கவளத்தில் பிடிபடும்.

கூட என்ன வாங்குவது என்றால், நாட்டிக் கோழி சாறு. நாட்டி என்றால் நாட்டு. அப்புறம் ஆட்டுக்கால் சூப், தலைக்கறி, போட்டி, கைமா உருண்டை. குழம்பு தண்ணீராகத்தான் இருக்கும். முத்தேக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், கெட்டியாக இருந்தால் உருண்டை வழுக்கிப் போகாது.

இதே இடத்தில்தான் தொன்னை பிரியாணியும். நம் தொன்னை என்ற சொல்லேதான், கோயில் பிரசாதம் வாங்கும் அதே இலைக் கிண்ணம். சீரக சம்பா அரிசி, புதினாவும் கொத்தமல்லியும் அரைத்த பச்சை மசாலா. ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதலில் மசாலா பச்சையாகத் தோன்றும். ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஓட்டலில் மட்டன் பிரியாணி வாங்கிப் பாருங்கள், ஞாயிறு தவிர வேறு நாளில் போனால் வரிசை குறைவு.

சைவம் சாப்பிடுபவர்கள் முத்தேயை இழக்க வேண்டியதில்லை. சொப்பு சாறு (கீரைச் சாறு), பஸ்ஸாறு என்று கேளுங்கள். பஸ்ஸாறு எனக்கு மிகவும் மதிப்புள்ள சமையல். கீரையையும் பருப்பையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து அதில் மசாலா அரைத்துவிட்டு சாறாக்குவார்கள். வடிகட்டிய கீரையும் பருப்பும் தாளித்துப் பல்யாவாக ஓரத்தில் வரும். ஒரே பானையிலிருந்து குழம்பும் பொரியலும், ஒரு துளி வீணாகாமல். மண்டியா பக்கத்து விவசாயி வீட்டுச் சிக்கனத்தில் பிறந்த சாப்பாடு இது.

ஆறாம் படி: கானாவளியில் சோள ரொட்டி

வட கர்நாடகச் சாப்பாட்டைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். காந்திநகர், ராஜாஜிநகர் பக்கம் கன்னடத்தில் 'கானாவளி' என்று எழுதிய சிறு கடைகளைத் தேடுங்கள். பெரும்பாலானவை சைவம். கொஞ்சம் வசதியாக உட்கார வேண்டுமென்றால் பசவனகுடி காமத் பியூகல் ராக்கில் ஜோளத ரொட்டி ஊட்டா உண்டு.

கடை நல்லதா என்று பார்க்க ஒரே சோதனை: ரொட்டி தட்டும் சத்தம் கேட்கிறதா? சோள மாவில் பசைத்தன்மை கிடையாது. கொதிநீர் ஊற்றிப் பிசைந்தால்தான் சேரும், சப்பாத்தி மாதிரி இழுத்துத் தேய்க்க வராது, கையால் தட்ட வேண்டும். தார்வாட்காரரான என் நண்பரின் அம்மா சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பலகையில் மாவு தூவி, உருண்டையை வலது உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இடது கையால் சுற்றுவார், தப் தப் தப் என்று தாளம் தவறாமல். கல்லில் போட்டதும் நனைத்த துணியால் மேல்பக்கம் ஒரு முறை துடைப்பார். அந்த ஈரம் காய்வதற்குள் திருப்பிப் போட்டு, கடைசியில் நேரே தீயில் காட்டினால் பூரி மாதிரி உப்பும். அதில் பாதி நிமிஷம் தாமதித்தாலும் ரொட்டி விறைத்துவிடும். அதனால் 'பிசி ரொட்டி', அதாவது சூடான ரொட்டி, கேட்டு வாங்குங்கள். அப்பளம் போல உலர்ந்து மொறுமொறுவென்று இருப்பது 'கடக் ரொட்டி'. அது வேறு வகை, வாரக்கணக்கில் கெடாது, பெங்களூரிலிருந்து ஊருக்கு வாங்கிப் போக நல்ல பண்டம்.

தட்டில் முக்கியமானது எண்ணெகாய். சின்னக் கத்தரிக்காயை நான்காகக் கீறி, நிலக்கடலை, எள், தேங்காய் அரைத்த மசாலாவை உள்ளே அடைத்துச் செய்வது. பக்கத்தில் முளைகட்டிய பயறுப் பல்யா. பச்சை வெங்காயம், பச்சை வெந்தயக்கீரை, வெள்ளரி, கழுவி அப்படியே வரும். மூன்று பொடிகள் வரலாம்: சேங்கா (நிலக்கடலை), குரெள்ளு (பேயெள்ளு), அகசே (ஆளிவிதை). பொடியில் கெட்டித் தயிரை விட்டுக் குழைத்து ரொட்டியால் வழித்து எடுங்கள். ரஞ்சகா என்ற சிவப்பு மிளகாய் விழுது கண்ணில் பட்டால் ஊசிமுனையளவு தொட்டுப் பாருங்கள். பெங்களூர் சாப்பாடு இனிப்பு என்று நினைப்பவர்களுக்கு அந்த விழுது வேறு சேதி சொல்லும்.

ரொட்டி இரண்டுக்கு மேல் போகாது, நம்பிக்கையோடு நான்கு கேட்டுவிடாதீர்கள். பின்னால் கொஞ்சம் சோறும், பருப்பு வடித்த தண்ணீரில் செய்த கட்டு சாறும், நெய் விட்ட ஹோளிகேயும் வரும். ஹோளிகே என்றால் போளி.

ஏழாம் படி: கடலோரத்துக்கும் குடகுக்கும்

மங்களூர்ச் சாப்பாட்டில் நீர் தோசையும் கோரி கஸ்ஸியும் ஜோடி. நீர் தோசை ஊறவைத்த அரிசியைத் தண்ணீராக அரைத்து, புளிக்க வைக்காமல் சுடுவது. வெள்ளைத் துணி மாதிரி மடிந்து வரும். கோரி என்றால் துளுவில் கோழி, கஸ்ஸி என்றால் தேங்காய் அரைத்த குழம்பு. கோரி ரொட்டி கேட்டால் அரிசியில் செய்த மொறுமொறுப்பான தகடுகள் வரும். அதை உடைத்து, குழம்பை ஊற்றி, அரை நிமிஷம் விட்டுச் சாப்பிடுங்கள். பாதி ஊறி, பாதி மொறுமொறுப்பாக இருக்கும் அந்தக் கட்டம்தான் சரியானது.

மீனில் கானே என்பது நம் கிழங்கான், அஞ்சல் வஞ்சிரம், பங்குடே கானாங்கெளுத்தி. கானேயை ரவை தடவிப் பொரித்ததும், பங்குடேயைப் புளிமுஞ்சியாகவும் கேளுங்கள். புளிமுஞ்சி என்றால் புளியும் மிளகாயும்தான், தேங்காய் இல்லாத குழம்பு.

காலத்தைக் கவனிக்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் பெங்களூரில் கடலோர மீன் குறையும், விலை ஏறும், ஐஸ் பெட்டியில் பல நாள் கிடந்ததும் தட்டுக்கு வரும். ஒரு ஜூலையில் அப்படி ஒரு கடையில் சதை மாவாக உதிர்ந்த அஞ்சலுக்குப் பெரிய தொகை கொடுத்தேன். அந்த மாதங்களில் கோழி கேளுங்கள், அல்லது சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டி அவித்த பத்ரொடே கேளுங்கள். மழைக்காலப் பண்டம் அது.

குடகு உணவுக்குக் கடைகள் குறைவு. இருக்கிற கடை உண்மையானதா என்று அறிய, "கச்சம்புளி போடுவீர்களா?" என்று கேளுங்கள். நம் கொடம்புளிப் பழத்தின் சாற்றைக் கறுப்பாகக் காய்ச்சி எடுக்கும் புளிப்பு அது. பந்தி கறி, அதாவது பன்றிக்கறி, கறுத்துப் புளித்து இருப்பதற்கு அதுவே காரணம். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். கூட கடம்புட்டு என்னும் அரிசி ரவை உருண்டை. பன்றி சாப்பிடாதவர்களுக்கு நூல்புட்டும் (இடியாப்பம்) கோழியும், மழைக்காலத்தில் மூங்கில் குருத்தும்.

மற்றவை பற்றி ஒரு வரி. ரெசிடென்ஸி சாலை நாகார்ஜுனா ஆந்திரா சாப்பாடு, ரமலான் மாத இரவுகளில் ஃப்ரேசர் டவுன் மசூதி சாலை, தெருமுனை ஐயங்கார் பேக்கரியின் காரா பன். இவற்றுக்கு வழிகாட்டி தேவைப்படாது, போனால் கிடைத்துவிடும்.

எட்டாம் படி: நாலு சொல் கன்னடம்

பெங்களூரில் தமிழ் பேசியே சமாளிக்கலாம், உண்மைதான். ஆனாலும் கன்னடத்தில் கேட்டால் கிடைக்கும் முகமலர்ச்சி தனி. 'பேக்கு' வேண்டும், 'பேடா' வேண்டாம், 'சாக்கு' போதும், 'ஸ்வல்ப' கொஞ்சம், 'பிசி' சூடு. "அண்ணா, ஸ்வல்ப சட்னி கொடி" என்றால் அகப்பை நிறைய வரும். சொற்களை மனப்பாடம் செய்ய ஒரு வழி இருக்கிறது. நம் சொல் முதலில் உள்ள ப, கன்னடத்தில் பல இடங்களில் ஹ ஆகியிருக்கிறது. பால் ஹாலு, புளி ஹுளி. அதேபோல வ சில இடங்களில் ப ஆகியிருக்கிறது, வெண்ணெய் பென்னே ஆனது போல. ஹுளி என்று மெனுவில் பார்த்தால் அது சாம்பார் வகை. சாறு என்றால் ரசம், மொசரு தயிர், மஜ்ஜிகே மோர், அன்னா சோறு.

ஒன்பதாம் படி: முதல் வார இறுதிக்கு ஒரு திட்டம்

இரண்டு நாள் மட்டும் இருக்கிறவர்கள் இப்படிப் போகலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெட்ரோ பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் நிறுத்தத்தில் இறங்கி, பிராமின்ஸ் காபி பாரில் இட்லியும் 'பை டூ' காபியும். அங்கிருந்து பசவனகுடி வழியாக நடந்து, வித்யார்த்தி பவனில் ஆளுக்குப் பாதி தோசை. மதியம் கானாவளி. இரவு நீர் தோசையும் மீனும், ஜூன், ஜூலை இல்லையென்றால். ஞாயிறு காலை லால்பாக்கில் ஒரு நடை, எம்.டி.ஆரில் ரவா இட்லி. எட்டு மணிக்கு முன் பெயர் கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் ஒரு மணி நேரம் மாடிப்படியில் நிற்க வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்கு மிலிட்டரி ஓட்டல், முத்தே.

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வந்தால் ஒரு மாற்றம் செய்யுங்கள். அது அவரைக்காய்ப் பருவம். தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் செய்யும் 'ஹிதுகித பேளே' சாறு, நம் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்பின் உடன்பிறப்பு. அந்த மாதங்களில் உப்புமாவில், அக்கி ரொட்டியில் (அரிசி ரொட்டி), நிப்பட்டில் (தட்டை) எல்லாம் அவரைப் பருப்பு இருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் வி.வி. புரம் திண்டித் தெருவுக்குப் போங்கள். கூட்டத்தில் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக வாங்கலாம். கடைசியாக ஹோளிகே போடும் கடையில் நில்லுங்கள். மாவுக்குள் பூரணத்தை வைத்து, தாளின் மேல் உள்ளங்கையால் அகலமாகத் தட்டி, கல்லில் கவிழ்த்துத் தாளை உரித்து எடுப்பார்கள். தேங்காய்ப் பூரணம், பருப்புப் பூரணம் இரண்டும் இருக்கும். பருப்பு கேளுங்கள், "துப்பா ஜாஸ்தி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்பா என்றால் நெய்.